மணல்வீட்டுக்கும் உடன்போக்குக்கும் இடையே: கொரியத் தொடர்களின் நட்புக்காதலும் பெரம்பலூர், அரியலூர்ப் பார்வையாளரும்

குறுந்தொகையின் 40ஆம் பாடல் இன்று உலகறிந்தது. செம்புலப்பெயனீரார் பாடிய அப்பாடல் திருமண அழைப்பிதழ்களில் அச்சாகிறது, திரைப்பாடல்களுக்குள் புகுந்துவிட்டது, ஏ. கே. இராமானுசனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக இலண்டன் சுரங்க இரயில்களிலும் இடம்பெற்றது. பெற்றோரும் உறவும் ஒருவரையொருவர் அறியாத இருவர், முன்பழக்கம் ஏதுமின்றி நெஞ்சம் கலப்பது அதன் பொருள். அதே தொகையில் 229ஆம் எண்ணில் மோதாசனார் பாடிய ஒரு பாலைப் பாடல் உண்டு. அதனை எவரும் அழைப்பிதழில் அச்சிடுவதில்லை. சிறுவயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றி இழுத்துச் சண்டையிட்ட இருவரை, செவிலியர் விலக்கியும் விலகாத இருவரை, இப்போது உடன்போக்கில் இணைந்து செல்லக் கண்டோர் வியந்து கூறும் பாடல் அது. முன்னதில் காதலர் அயலார். பின்னதில் காதலர் விளையாட்டுத் தோழர். தமிழ்க்காதலின் அடையாளமாக நாம் உலகுக்குக் காட்டத் தேர்ந்துகொண்டது அயலார் காதலை. விளையாட்டுத் தோழரின் காதலை உரையாசிரியரிடமும் தேர்வு வினாத்தாளிடமும் விட்டுவிட்டோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரி மாணவியர் இன்று விரும்பிப் பார்க்கும் கொரியத் தொடர்களுள் ஒரு வகை, நண்பர் காதலராவதைச் சொல்வது. அந்த வகையின் ஈர்ப்பு வெறும் அயல்நாட்டு மோகம் அன்று என்பதும், 229ஆம் பாடல் தாவிக் கடந்த இடைவெளியை அத்தொடர்கள் நிரப்புகின்றன என்பதும், அந்த இடைவெளியே நம் சமூகத்தில் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட காலம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தமிழ்த்துறைகள் இதனை ஊடகத் துறையினரின் பொருள் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று.

பார்வையாளர் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. (பிரிந்து சேர்ந்து பிரியும் இக்கதையே ஒரு தொடருக்குப் போதும் என்று மாணவர் நகைப்பதுண்டு.) மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் ஒரு பகுதி, சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் சூழ்ந்த மறுபகுதி. இங்குள்ள கல்லூரிகளில் பயிலும் பெண்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப்பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. பேருந்தில் கழியும் நேரமும் கையிலுள்ள கைபேசியும் சிறிதளவு சொந்தப் பணமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரு தலைமுறைப் பெண்களிடம் வந்து சேர்ந்தன. வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் நெடுந்தொடரைக் குடும்பமே பார்க்கிறது. கைபேசியின் சிறுதிரையை அவள் ஒருத்தி மட்டுமே பார்க்கிறாள். இத்தனிமை புதியது.

கொரியத் தொடர் தமிழகத்துக்குப் புதியதன்று. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி தமிழ்க்குரலில் அவற்றை ஒளிபரப்பிப் பழக்கியது. பின்னர் இணையவழித் திரைத்தளங்கள் வந்தன. அன்று பேர் பெற்றவை பெரும்பாலும் செல்வந்தன் ஏழைப்பெண்ணைக் காதலிக்கும் கதைகள். நட்பிலிருந்து காதல் என்னும் வகை அவற்றினும் வேறுபட்டது. அதில் செல்வந்தன் தேவையில்லை. அடுத்த வீட்டான் போதும்.

இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சின் வொன்-ஹோ இயக்கி லீ வூ-ஜங் எழுதி 2015 நவம்பர் முதல் 2016 சனவரி வரை ஒளிபரப்பான 'ரிப்ளை 1988'. சியோல் நகரின் சங்மூன்-தோங் பகுதியில் ஒரே சந்தில் வளரும் ஐந்து நண்பர்கள். அவர்களுள் ஒருத்தி மட்டும் பெண். பின்னாளில் அவள் மணந்தது யாரை என்பதைத் தொடர் இறுதிவரை மறைத்து வைக்கிறது. பார்ப்பவர் 20 பகுதிகளிலும் துப்புத் தேடுகிறார். ஆயினும் தொடரின் உயிர் அந்தப் புதிரில் இல்லை. ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குக் கிண்ணத்தில் போவதும், அங்கிருந்து வேறொன்று அதே கிண்ணத்தில் திரும்புவதும், நண்பர் ஒருவர் அறையில் மற்றவர் அனைவரும் கால்நீட்டிக் கிடந்து படம் பார்ப்பதும் மணிக்கணக்கில் காட்டப்படுகின்றன. நிகழ்ச்சி என்று சொல்லத்தக்க ஏதும் நிகழ்வதில்லை. அந்த நிகழாமைக்குள் ஒருவனின் பசி, அச்சம், கூச்சம், தாயில்லாத ஏக்கம் ஆகியவற்றை ஒருத்தி அறிந்துகொள்கிறாள். காதல் என்று பெயர் சூட்டப்படும்போது அறிவதற்கு ஏதும் மிஞ்சியிருப்பதில்லை. ஒப்புக்கொள்வது ஒன்றே எஞ்சுகிறது.

இதனினும் நம் நிலத்துக்கு நெருக்கமானது, 2025இல் வெளிவந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்'. லிம் சாங்-சுன் எழுதிய இத்தொடர் ஜேஜு தீவில் நிகழ்கிறது. நகரத்துப் பளபளப்பு இதில் இல்லை. கடலில் மூழ்கிச் சிப்பியெடுக்கும் பெண்கள், மீன்கடைக்காரரின் மகன், பாட்டெழுத விரும்பும் ஏழைச் சிறுமி. அச்சிறுவன் சிறுமிக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கிறான். வளர்ந்தபின் அவள் விற்கவேண்டிய முட்டைக்கோசைக் கூவி விற்கிறான். பின் இருவரும் வீட்டார்க்குத் தெரியாமல் பூசானுக்கு ஓடிப்போகின்றனர். பணத்தையும் பொருளையும் இழந்து திரும்புகின்றனர். சிறுவயதுத் தோழமை, உடன்போக்கு, ஊர் அலர், மீட்சி என்று அகத்திணைக்குப் பழகிய ஒருவர் இதன் துறைகளைத் தாமே குறித்துக்கொண்டு போகலாம். ஆயின் ஒன்று கருதுக. மோதாசனார் சிறுசண்டையையும் மணத்தையும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டுக்கும் இடையே ஊழைப் புகழும் ஒரு விளி மட்டுமே நின்றது. கொரியத் தொடர் அந்த இடைவெளியில் பதினாறு இருபது பகுதிகளை வைக்கிறது. பால் செய்ததாகப் பாட்டு சொன்னதைப் பழக்கம் செய்ததாகத் தொடர் சொல்கிறது.

அந்த இடைவெளி நம் இலக்கியத்தில் ஏன் வெறுமையாயிற்று? காரணம் வெளிப்படை. இற்செறிப்பு. பெண் பருவமெய்தியதும் மணல்வீட்டு விளையாட்டு முடிகிறது; புறத்தே திரிதல் தடைப்படுகிறது; தோழனாக இருந்தவன் இனிக் களவன். இதனைப் பழங்கால வழக்கு என்று கூறி அமைதியடைய முடியாது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து பச்சை ஓலைக் குடிசை கட்டும் மஞ்சள் நீராட்டு விழாவின் படங்கள் இன்றும் நம் ஊர்ச் சாலையோரப் பதாகைகளில் நிற்கின்றன. அன்றுவரை தெருவில் பையன்களோடு மட்டைப்பந்து ஆடிய சிறுமி மறுநாள் ஆடுவதில்லை. பள்ளியில் ஆண்வரிசை, பெண்வரிசை. கல்லூரியில் பேசினால் அடையாள அட்டை பறிமுதல் செய்யும் நிருவாகங்கள் உண்டு என்பதைத் தமிழகத்துக் கல்லூரிகளில் பயின்ற எவரும் அறிவர். பன்னிரண்டு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடையே ஓர் ஆணை அருகிருந்து அறியும் வாய்ப்பு ஒரு பெண்ணுக்கு இல்லை. அந்தப் பத்தாண்டுகளைத்தான் அவள் கைபேசியில் பார்க்கிறாள். சியோலின் உணவும் உடையும் பனிப்பொழிவும் அவளைக் கவர்வது உண்மையே. எனினும் அவள் திரும்பத் திரும்பப் போய் நிற்குமிடம் அதுவன்று என்று கருதுகிறேன்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். தமிழ்ச்சமூகத்திலும் சிறுவயது முதல் அறிந்தவனை மணக்கும் வழக்கம் உண்டே, அத்தைமகனும் மாமன்மகளும் விளையாட்டுத் தோழர்தாமே என்பர். சரியான தடை. நம் கற்பனையில் விளையாட்டுத்தோழனின் இடத்தைப் பிடித்துக்கொண்டவன் முறைமாமனே. ஆனால் அவன் வருவது உரிமையோடு. அவள் பிறந்தபோதே அவனுக்கென்று சொல்லப்பட்டவள். அவனை மறுத்தால் இரு குடும்பங்களின் உறவு முறியும். அவனோடு பழகியது அவளது தேர்வாகக் கணக்கிடப்படுவதில்லை. கொரியச் சமூகத்தில் இந்த வாயில் முற்றிலும் அடைபட்டது. அங்கே எட்டாம் உறவுப்படி வரை இரத்த உறவினர் மணம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கு முன் ஒரே குடிப்பெயரும் ஒரே பூர்விகமும் உடையவர்கள் எவ்வளவு தொலைவான உறவாயினும் மணக்க இயலாது என்றிருந்த சட்டத்தை 1997இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. 'ரிப்ளை 1988' தொடரில் நாயகியின் தமக்கையும் அவள் காதலனும் ஒரே குடிப்பெயர் உடையவர்கள் என்பதால் இரு வீட்டாரும் மறுப்பது இப்பின்னணியில்தான். ஆகவே அங்கே சிறுவயதிலிருந்து அறிந்தும் மணக்கத்தக்கவனாயும் இருப்பவன் உறவினனாக இருக்க முடியாது. அயல்வீட்டானாகவோ தாயின் தோழி பெற்ற மகனாகவோதான் இருக்க முடியும். 2024இல் வந்த 'லவ் நெக்ஸ்ட் டோர்' தொடரின் கொரியப் பெயரே 'அம்மாவின் தோழி மகன்' என்று பொருள்படும். எதற்கெடுத்தாலும் ஒப்பிட்டுக் காட்டப்படும் கெட்டிக்காரப் பிள்ளையை அத்தொடர் அந்நாட்டில் குறிக்கும். நம்மூரில் 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' என்பதுபோல. முறைமாமனின் நெருக்கம் முழுதும் இருக்க, அவன் உரிமை மட்டும் நீக்கப்பட்ட ஓர் ஆண். நம் மாணவி அத்தொடரில் காண்பது அவனைத்தான்.

உறவுச்சொற்களில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கொரிய மொழியில் பெண் தன் அண்ணனை 'ஒப்பா' என்பாள். வயதில் மூத்த ஆண் நண்பனையும் அவ்வாறே அழைப்பாள். அவன் காதலனானால் சொல் மாறுவதில்லை. தமிழில் 'அண்ணா' என்பது கதவைத் தாழிடும் சொல். கல்லூரியில் மூத்த மாணவனிடம் ஐயம் கேட்கச் செல்லும் பெண் முதலில் 'அண்ணா' என்று விளித்துத் தன்னைக் காத்துக்கொண்டபின்னரே வினாவைத் தொடங்குகிறாள். கதவைத் திறப்பது 'மாமா', 'அத்தான்', 'மச்சான்' ஆகியவை. அவை உறவுக்குள் மட்டும் திறக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஆணை விளிக்கத் தமிழ்ப்பெண்ணுக்கு எஞ்சியிருப்பது இயற்பெயரும் 'டா' என்னும் விகுதியும்தான். 'ஒப்பா' என்னும் சொல் இம்மாணவியரிடம் விளையாட்டாகவேனும் புழங்குவதைக் கேட்போர் அதனை நாகரிகப் பித்து என்று முகஞ்சுளிக்கின்றனர். தாம் அழைக்கச் சொல்லில்லாத ஓர் உறவுக்கு அவர்கள் கடன்சொல் தேடுகிறார்கள் என்று கொள்வது மொழியியலுக்கு அணுக்கமானது.

இதனினும் நுட்பமானது முன்னிலைப் பெயர். கொரிய மொழியில் 'சிங்கு' என்னும் நண்பன் ஒத்த வயதினனாகவே இருத்தல் வேண்டும். அவர்களிடையே பணிவுச்சொல் விகுதிகள் நீங்கி, தாழாத உயராத பேச்சு நிலவும். சமவயதினர் நண்பராயிருந்து காதலராகும்போது அப்பேச்சு அப்படியே மணவாழ்க்கைக்குள் செல்கிறது. நம் பகுதியில் கணவன் மனைவியை 'வா' என்கிறான். மனைவி 'வாங்க' என்கிறாள். வயது ஒத்திருப்பினும், ஏன், காதல்மணமே ஆயினும், தாலி ஏறிய அன்று 'நீ' என்பது 'நீங்க' ஆகிவிடுதல் வேண்டும் என்று மாமியார் மட்டுமன்றிப் பெற்ற தாயும் எதிர்பார்க்கிறாள். சங்க அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் தலைவனை ஒருமையிலேயே முன்னிலைப்படுத்தினர் என்பதை நாம் அறிவோம். நாடன், வெற்பன், சேர்ப்பன் எவனாயினும் அவன் 'நீ'தான். உயர்வுப்பன்மை பின்னர் வந்தது. வந்தபின் மனைவிமேல் மட்டும் அது கடமையாயிற்று. இருவரும் இறுதிவரை ஒருவரையொருவர் 'நீ' எனும் காதல் என்பதே இவ்வகைத் தொடர்களின் கவர்ச்சிக்கு மிக எளிய, மிக ஆழமான விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகத்திணை மரபில் நட்புக்கு இடமில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. இடம் இருந்தது, பிரிக்கப்பட்டது. தொல்காப்பியம் களவுக்கு வகுத்த வழிகள் நான்கனுள் இரண்டு பாங்கன், பாங்கி ஆகியோர் பெயரால் அமைந்தவை. நண்பர் காதலைக் கூட்டுவிப்பவர். அவரே காதலர் ஆவதில்லை. தலைமக்களோ கண்டவுடன் கூடுகின்றனர். இக்காட்சி கட்டற்றது போலத் தோன்றினும் கட்டற்றது அன்று. மெய்ப்பாட்டியல் அடுக்கும் பத்து ஒப்புகளில் முதலில் நிற்பவை பிறப்பும் குடிமையும். ஒத்த குடியினர் மட்டுமே காணுமாறு பால் முன்னரே சலித்துவிடுகிறது. அதன்பின் காண்பவர் யாரைக் கண்டாலும் கேடில்லை. கண்டதும் காதல் என்பதை விடுதலையின் குறியாகக் கொண்டாடும் நாம் இந்தச் சல்லடையை மறந்துவிடுகிறோம்.

ஆயினும் புலவர் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. குறுந்தொகை மூன்றாம் பாடலில் தேவகுலத்தார், நிலத்தோடும் வானோடும் நீரோடும் அளந்து தலைவி பெரிதெனக் கூறும் உறவுக்கு இடும் பெயர் நட்பு. திருக்குறளில் காமத்துப்பாலின் 1122ஆம் குறள், உடலுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைத் தனக்கும் தன் காதலிக்கும் உள்ள உறவுக்கு உவமையாக்கும்போது பயன்படுத்தும் சொல்லும் அதுவே. பொருட்பாலில் நட்புக்கென்று தனி அதிகாரமும், நெடுநாட்பழக்கம் தரும் உரிமைக்கெனப் பழைமை என்னும் அதிகாரமும் வகுத்த வள்ளுவர், அச்சொல்லைக் காதலர்க்கு வழங்கத் தயங்கவில்லை. நண்பரும் காதலரும் ஒரே சொல்லில் குடியிருந்த மொழி இது. இன்று ஒரு பெண் 'அவன் என் நண்பன் மட்டுமே' என்று 'மட்டும்' சேர்த்துச் சான்றளிக்க வேண்டியிருக்கிறது. அந்த 'மட்டும்' எப்போது நுழைந்தது என்பது சொற்பொருள் வரலாற்றாய்வுக்கு உரிய வினா.

கலித்தொகையில் கபிலர் பாடிய 51ஆம் பாடலையும் இங்கே கருத வேண்டும். சிற்றிலைக் காலால் சிதைத்தும் கூந்தற்கோதையைப் பறித்தும் பந்தைக் கவர்ந்தும் ஓடிய குறும்பன் வளர்ந்து, நீர் வேட்டவனாக வாயிலில் வந்து நிற்கிறான். நீர் தரச் சென்ற தலைவியின் முன்கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடிவர, நீர் விக்கினான் என்று மாற்றிச் சொல்லிக் காக்கிறாள். இப்பாடல் இனிப்பது அந்தச் சிற்றிலால். அவன் யார் என்பதை அவள் அறிவாள். அவன் குறும்பின் எல்லையையும் அறிவாள். பொய் சொல்வதா உண்மை சொல்வதா என்னும் முடிவும் அவள் கையில் இருக்கிறது. சிற்றிலை நீக்கிவிட்டுப் படித்தால் எஞ்சுவது, அயலான் ஒருவன் வாயிலில் நின்று பெண்ணின் கையைப் பிடித்த வன்செயல். நம் திரைப்படம் பல பத்தாண்டுகளாகச் செய்தது அதையே. சிற்றிலை விட்டுவிட்டுக் கையைப் பற்றியதை மட்டும் எடுத்துக்கொண்டது. பின்தொடர்தல் காதலாயிற்று, அலறல் நாணமாயிற்று.

தமிழ்த்திரை நட்பைத் தொடாமல் இல்லை. மலையாள 'நிறம்' படத்தின் தழுவலாக 2001இல் வந்த 'பிரியாத வரம் வேண்டும்', 2020இன் 'ஓ மை கடவுளே', 2022இன் 'திருச்சிற்றம்பலம்' ஆகியவை நண்பர் காதலராவதையே பேசின. கடைசிப் படத்துக்காக நித்யா மேனன் தேசிய விருதும் பெற்றார். நல்ல படங்கள்தாம். எனினும் பின்னிரண்டும் ஆண் தன் அருகிலிருந்தவளைத் தாமதமாகக் கண்டுகொள்ளும் கதைகள். அவள் ஏற்கெனவே அறிந்தவள், காத்திருப்பவள். திரைப்படத்தின் காலம் அவன் விழிப்பதற்கான காலம். லீ வூ-ஜங், லிம் சாங்-சுன் ஆகியோரின் தொடர்களில் கதையை நினைவுகூர்ந்து சொல்லும் குரல் பெரும்பாலும் பெண்ணுடையது. அவள் தயங்குகிறாள், தவறாகக் கணிக்கிறாள், மாற்றிக்கொள்கிறாள். தவறாகக் கணித்தபின்னும் உயிரோடு இருக்கிறாள் என்பதே நம் சூழலில் பெருஞ்செய்தி.

உயிரோடு என்றது மிகையன்று. 2015 சூன் 23 அன்று உடன் பயின்ற தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்த ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்கும் இறைவன் கோயிலில் ஓர் ஆணும் பெண்ணும் நின்று பேசியதே அங்கே குற்றமாகக் கருதப்பட்டது. இருவரும் வெவ்வேறு சாதியினர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவ்வழக்கில் நாம் கவனிக்கத் தவறுவது, அங்கே காதலை மெய்ப்பிக்க வேண்டிய தேவைகூடக் கொலையாளிகளுக்கு எழவில்லை என்பது. நட்பே போதுமானதாக இருந்தது. சாதி அஞ்சுவது கண்டதும் காதலை அன்று. அதற்குச் சல்லடை உண்டு. அது அஞ்சுவது பழக்கத்தை. பழகினால் பிறப்பும் குடிமையும் பின்னுக்குப் போய் இவன் நேர்மையானவனா, அடிப்பவனா, தன் தாயை எப்படி நடத்துகிறான் என்னும் வினாக்கள் முன்னுக்கு வரும் என்பதை அது நன்கு அறியும்.

இத்தொடர்களைப் போற்றுவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவை கொரிய வாழ்வின் நகல் அல்ல. 2023இல் கொரியாவின் மொத்தக் கருவளவீதம் 0.72; உலகிலேயே மிகக் குறைந்த நிலை. வேலை நெருக்கடி, வீட்டு விலை, மனைவிமேல் விழும் இல்லச்சுமை ஆகியவற்றால் அந்நாட்டுப் பெண்களுள் பலர் மணத்தையே விலக்குகின்றனர். சந்துக்குள் குழம்புக் கிண்ணம் போய்வரும் 1988ஆம் ஆண்டு அவர்களுக்கும் இழந்த கனவே. இன்னொரு நாட்டின் ஏக்கத்தை நாம் நம் எதிர்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றும் சொல்லலாம். 2024 சனவரியில் கரூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பள்ளிச் சிறுமியர் மூவர், கொரிய இசைக்குழுவினரைக் காண விசாகப்பட்டினம் சென்று கப்பலேறத் திட்டமிட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, காட்பாடியில் மீட்கப்பட்டனர். நாளேடுகள் இதனை வேடிக்கையும் கவலையும் கலந்து எழுதின. கைபேசி கெடுத்துவிட்டது என்பது பொதுத் தீர்ப்பு. எட்டாம் வகுப்புச் சிறுமியர் தாம் சேர்த்த சிறுதொகையோடு கடல்கடக்கத் துணியும் அளவுக்கு அவ்வூரில் அவர்களுக்கு எது இல்லாதிருந்தது என்று கேட்டவர் மிகச் சிலர். கனவு பொய்யாயினும் அதன் வடிவம் பொய்யன்று. இல்லாத ஒன்றின் அளவுக்கேற்பவே அது தைக்கப்படுகிறது.

நம் துறைகள் கொரியாவை அறியாதவை அல்ல. ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதினார். 'சாம்குக் யூசா' கூறும் அயுத்த நாட்டு இளவரசி தமிழகத்தைச் சார்ந்தவளா என்று கருத்தரங்குகளில் இன்றும் வாதிடப்படுகிறது. அம்மாவும் அப்பாவும் இரு மொழிகளிலும் ஒத்தொலிப்பது பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருத்தி கப்பலேறினாளா என்பதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும், இன்று தன் கைபேசிவழி நாள்தோறும் கொரியா சென்று திரும்பும் பெரம்பலூர்ப் பெண்மீது காட்டலாகாதா? எறையூர்ச் சிப்காட் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களும் கல்லூரி மாணவியரும் ஒரே பேருந்தில் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். அவர்கள் என்ன பார்க்கிறார்கள், பார்த்ததைத் தம்முள் எச்சொற்களால் பேசிக்கொள்கிறார்கள் என்பது நாட்டார் வழக்காற்றியலின் களமன்றி வேறென்ன?

தமிழ் முனைவர் பட்ட ஆய்வுக்குரிய தலைப்புகளை இங்கே பட்டியலிட விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொரியத் தொடர்களின் தமிழ்க் குரல்மாற்றங்களையும் வசன வரிகளையும் எடுத்துக்கொண்டு, நண்பராயிருந்து மணக்கும் இருவர் எந்தக் காட்சிவரை 'நீ' என்று பேசிக்கொள்கின்றனர், மொழிபெயர்ப்பாளர் எந்த இடத்தில் பெண்ணின் வாயில் 'நீங்க' என்பதைப் புகுத்துகிறார், ஆண் எப்போதாவது 'நீங்க' என்கிறானா, 'ஒப்பா' எங்கெங்கே 'அண்ணா' ஆகிறது, எங்கே பெயராகிறது, எங்கே சொல்லாமல் விழுங்கப்படுகிறது என்று குறித்துவரலாம். மூலத்தில் நிகழாத மாற்றம் தமிழில் நிகழுமாயின், அந்த இடமே நம் சமூகம் தன் கையால் திருத்திய இடம். இதற்கு நிதிநல்கை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். தொடர்களை நம் மாணவியர் ஏற்கெனவே முழுமையாகப் பார்த்துவிட்டனர். சிலர் இரண்டாம் முறையும்.